அந்த ஃபைலை எதுக்குங்க கொடுத்தீங்க?

எங்கள் பள்ளித் தாளாளர் இந்தக் கேள்வியைக் கேட்டபோது அவர் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். பக்கத்துப் பகுதியிலிருக்கும் இன்னொரு மெட்ரிக் பள்ளியின் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் என்னைப் பார்க்க வந்திருந்தாள். தனியார் பள்ளிகள் எவ்வளவு ஃபீஸ் வாங்கலாம் என்று முடிவு செய்யும் கட்டண நிர்ணயக் குழுவுக்கு அனுப்ப வேண்டிய கணக்குகளை எப்படித் தொகுப்பது என்று தெரியவில்லை, முன்பு இருந்தவர் வேலையை விட்டுப் போகும்போது ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார் என்றாள். எங்கள் பழைய விண்ணப்பக் கோப்பை எடுத்துக் கொடுத்து, மத்தியானம் வரை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். அது தாளாளர் காதுக்குப் போய்விட்டது. இரண்டு பள்ளிகளுக்கும் பிள்ளைகள் வருவது சேலத்தின் அதே அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டைத் தெருக்களிலிருந்துதான். அவர்கள் வேன் திரும்பும் சந்தில்தான் எங்கள் வேனும் திரும்புகிறது. “போட்டி ஸ்கூலுக்கு நாமளே சொல்லிக் கொடுக்கலாமாங்க?” என்றார். “கட்டண உத்தரவு எல்லாரும் பார்க்கிற மாதிரிதானே சார் இருக்கு” என்று எதையோ சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். அது பதில் ஆகாது என்று எனக்கே தெரியும். உத்தரவில் இருப்பது தொகை. நான் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தது அந்தத் தொகைக்குப் போய்ச் சேர்ந்த வழி.

தாளாளரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மாசம் பிறந்தால் சம்பளம் போட வேண்டிய கவலை அவருக்கு. அட்மிஷன் குறைந்தால் முதலில் தூக்கம் போவதும் அவருக்குத்தான். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பஸ்ஸில் போகும்போது, சாயங்காலம் ரசீதுக் கட்டை அடுக்கும்போது, அவருக்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று மனதுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பேசப் பேசத்தான், இந்த வேலையே நான் சேர்ந்த காலத்து வேலை இல்லை என்பது உறைத்தது.

பூட்டிய டிராயர்

நான் டைப்பிஸ்டாகச் சேர்ந்தபோது அலுவலகம் என்றால் ஹெட்கிளார்க் சார்தான். தலைமையாசிரியர் மாறுவார், ஆசிரியர்கள் மாறுவார்கள், ஹெட்கிளார்க் மாறமாட்டார். அவர் மேஜையின் வலதுபக்க டிராயரில் எப்போதும் பூட்டு தொங்கும். பள்ளி முத்திரை, டிசி புத்தகம், அங்கீகார உத்தரவின் அசல், ஆய்வாளர் அலுவலகத்தில் யாரைப் பார்க்க வேண்டும் என்று எழுதிய துண்டுச் சீட்டு, எல்லாம் அதற்குள்.

அவர் டிசி எழுதுவதைப் பார்த்தால் ஒரு சடங்கு மாதிரி இருக்கும். முதலில் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து, எண்ணைத் தேடி, அந்த வரியின் மேல் ஸ்கேலை வைப்பார். மாணவன் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுவார். பிறந்த தேதியை எண்ணில் ஒருமுறை, எழுத்தில் ஒருமுறை. அங்க அடையாளத்துக்குப் பையனையே வரச்சொல்லி, முழங்கைக்குக் கீழே இருக்கும் மச்சத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எழுதுவார். கடைசியாக வந்த நாளை வருகைப் பதிவேட்டில் சரிபார்ப்பார். அடித்தல் திருத்தல் இருந்தால் அந்தத் தாளே ரத்து. அவ்வளவு கவனம். ஆனால் ஏன் இவ்வளவு கவனம் என்று ஒரு நாளும் எனக்குச் சொன்னதில்லை. பிற்பாடு ஒரு முன்னாள் மாணவர் பாஸ்போர்ட்டுக்காக வந்து, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு தேதி, டிசியில் ஒரு தேதி என்று திண்டாடியபோதுதான் அந்த ஸ்கேலுக்கு அர்த்தம் விளங்கியது. அது வேறு பள்ளியில் எழுதிய டிசி.

ஹெட்கிளார்க் சாரை இன்று கோபித்துக்கொள்ள முடியவில்லை. அவருக்குப் பதவி உயர்வு கிடையாது, சம்பளம் சொற்பம், ஆசிரியர்கள் ஓய்வறையில் நாற்காலி கிடையாது. தெரிந்து வைத்திருப்பது ஒன்றுதான் அவர் சொத்து. அதை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டால் தன்னை எதற்கு வைத்திருக்கப் போகிறார்கள் என்று நினைத்திருப்பார். அந்தக் காலத்தில் அது செல்லுபடியும் ஆனது. வேலை அவ்வளவுதான் இருந்தது. ஜூனில் ஃபீஸ் வசூல், டிமாண்ட்–கலெக்‌ஷன்–பேலன்ஸ் பதிவேடு, சம்பளப் பட்டியல், வருடாந்திர ஆய்வு, பொதுத்தேர்வுப் பெயர்ப்பட்டியல். ஒரு மனிதர், ஒரு டிராயர் போதுமானதாக இருந்தது.

எங்கேயோ நடந்தது, எங்கள் வாசலுக்கு வந்தது

மாற்றம் கம்ப்யூட்டரால் வந்தது என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கம்ப்யூட்டர் வந்தபோது ரசீது எழுதுவது சுலபமானது, அவ்வளவே. அலுவலகம் நிஜமாகவே மாறத் தொடங்கியது 2004 ஜூலை 16-க்குப் பிறகு. கும்பகோணத்தில் 94 குழந்தைகள் கருகிய நாள். ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள், சமையல் நடந்த இடத்திலிருந்து கூரைக்குத் தாவிய தீ. தமிழ்நாட்டில் யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. அந்த வாரமே ஊர் ஊராகப் பள்ளிக் கீற்றுக்கொட்டகைகளைப் பிரித்தார்கள். சேலத்திலும் பிரித்தார்கள். அப்புறம் அங்கீகாரப் புதுப்பிப்பு என்றாலே நான்கு சான்றிதழ் என்றானது. கட்டட உறுதிச் சான்று பொறியாளரிடம், கட்டட உரிமம் வட்டாட்சியரிடம், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று. நான்குக்கும் காலாவதி ஒரே நாளில் வராது. உறுதிச் சான்று கையில் இல்லாமல் உரிமத்துக்குப் போக முடியாது. ஒன்றுக்காகக் காத்திருக்கும்போது மற்றொன்றின் தேதி முடிந்துபோகும். இந்தச் சுழற்சியை மனதில் வைத்துத் தேதி போட்டு நகர்த்துவதே ஒரு தனி வேலை. எந்த பி.காம். படிப்பிலும் இதைச் சொல்லித் தருவதில்லை.

2012 ஜூலையில் தாம்பரம் பக்கம் ஒரு பள்ளிப் பேருந்து. உள்ளே தரையில் இருந்த ஓட்டை வழியே இரண்டாம் வகுப்புச் சிறுமி சாலையில் விழுந்து இறந்தாள். உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது. அதே ஆண்டு பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனிச் சிறப்பு விதிகள் வந்தன. இப்போது மே மாதம் வந்தால் சேலத்துப் பள்ளி வண்டிகள் எல்லாம் மைதானத்தில் மஞ்சள் மஞ்சளாக வரிசையில் நிற்கும். வட்டாரப் போக்குவரத்து அலுவலர்கள் ஏறி அவசர வழியைத் தள்ளிப் பார்ப்பார்கள், தீயணைப்பானின் தேதியைப் படிப்பார்கள், முதலுதவிப் பெட்டியைத் திறப்பார்கள், காலால் தரையைத் தட்டிப் பார்ப்பார்கள். அந்தத் தட்டலுக்குப் பின்னால் ஒரு குழந்தை இருக்கிறது என்பது புதிதாக வேலைக்கு வரும் எத்தனை பேருக்குத் தெரியும்?

தாளாளருக்குச் சொல்ல வேண்டிய பதில் இங்கேதான் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். எங்களை மாற்றிய எதுவும் எங்கள் பள்ளியில் நடந்ததில்லை. எங்கேயோ ஓர் ஊரில், எவரோ ஒருவர் பார்க்காமல் விட்டது, சில மாதங்களில் சுற்றறிக்கையாக எங்கள் மேஜைக்கு வந்தது. அப்படியானால் அடுத்த பள்ளி அலுவலகத்தில் ஒருவருக்கு ஒன்று தெரியாமல் இருப்பது எங்களுக்கு லாபமா? அவர்கள் வேனில் அவசர வழிக் கதவு இறுகிக் கிடந்தால் பாதிக்கப்படப் போவது அதே அம்மாபேட்டைப் பிள்ளைகள்தான். பெற்றோர் பள்ளியைத் தேர்ந்தெடுப்பது ஆங்கிலம் பேசுவதையும் ரிசல்ட்டையும் டீச்சரையும் பார்த்து. எந்தப் பள்ளி டிடிஎஸ் கணக்கை நாள் தவறாமல் தாக்கல் செய்தது என்று விசாரித்துக்கொண்டு எந்த அப்பாவும் வாசலுக்கு வந்ததில்லை. போட்டி வகுப்பறையில் இருக்கட்டும். ஆபீஸ் ரூமில் போட்டி போட ஒன்றுமே இல்லை.

இதைத் தாளாளரிடம் சொன்னால் தலையாட்டுவார். ஆனால் கட்டணக் கோப்பு அப்படியில்லையே என்பார். அதுவும் நியாயம்தான்.

மலைமேல் ஒரு நோட்டு

2009-இல் கட்டண ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. நீதிபதி கோவிந்தராஜன் குழு, அப்புறம் ரவிராஜ பாண்டியன், அப்புறம் சிங்காரவேலு என்று குழுவின் பெயர் தலைவர்களோடு மாறியது. அந்த வருடங்களில் சேலத்து அலுவலகக்காரர்கள் ஒருவரையொருவர் அதிகம் பார்த்துக்கொண்ட இடம் ஏற்காடு எக்ஸ்பிரஸ்தான். ராத்திரி ஏறினால் விடியற்காலையில் சென்னை. ஆளுக்கொரு ரெக்ஸின் பை, பை நிறைய ஆடிட் ஸ்டேட்மென்ட். ஒரே பெட்டியில் பக்கத்துப் பக்கத்து பெர்த்தில் படுத்திருப்போம், யாரும் யாருக்கும் எதையும் சொல்லமாட்டோம். “என்ன காட்டியிருக்கீங்க?” என்று கேட்பதே அநாகரிகம் என்பதுபோல ஒரு மௌனம். விசாரணை முடிந்து திரும்பும்போது மட்டும் கொஞ்சம் பேச்சு வரும். அதுவும் குழுவைத் திட்டத்தான்.

சட்டத்தில் குழு பார்க்க வேண்டியவை தெளிவாகவே இருந்தன. பள்ளி இருக்கும் இடம், இருக்கும் வசதிகள், நிர்வாகத்துக்கும் பராமரிப்புக்கும் ஆகும் செலவு, வளர்ச்சிக்குத் தேவையான நியாயமான உபரி. ஒருமுறை நிர்ணயித்தால் மூன்று கல்வியாண்டுகளுக்கு அதுதான். வாசிக்க எளிது. ஆனால் நம் கணக்கு இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிற மாதிரி இருக்கிறதா? பெரும்பாலான பள்ளிகளின் கணக்கு வருமான வரிக்காக எழுதப்பட்டது. “இதர செலவுகள்” என்று ஒரு வரியில் பெருந்தொகை கிடக்கும். ஆடிட்டருக்கு அது போதும். குழுவுக்குப் போதாது.

அப்போதுதான் எங்கள் ஆடிட்டர் ஏற்காட்டில் ஒருவரைப் பார்க்கச் சொன்னார். பழைய உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில் நீண்ட காலம் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். ஏற்காட்டுப் பள்ளிகளுக்கு ஒரு தனி மரபு உண்டு. மாண்ட்ஃபோர்ட் 1917-இல் தொடங்கியது. இந்த மாதிரிப் பள்ளிகளில் பிள்ளைகள் அங்கேயே தங்குவதால் மெஸ், ஸ்டோர், லாண்டரி, மருத்துவ அறை, விறகு, கம்பளி எல்லாமே நிர்வாகத்தின் பொறுப்பு. அதைப் பார்த்துக்கொள்ள பர்சர் என்று ஒருவர் தலைமையாசிரியருக்கு இணையாக இருப்பார். கீழே நாங்கள் “ஆபீஸ்ல இருக்கிறவங்க” என்று ஒரே வார்த்தையில் அடங்கிப்போன காலத்திலேயே, மேலே அது தனித் தொழிலாக இருந்தது.

அடிவாரத்தில் வெயில், இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஒண்டிக்கடையில் இறங்கியபோது மழைத்தூறல். அவர் வீடு அங்கிருந்து நடக்கிற தூரம்தான். காபி கொடுத்தார். நான் கொண்டுபோன ஸ்டேட்மென்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் நீளவாக்கில் காலிகோ பைண்டிங் போட்ட நோட்டு ஒன்றை எடுத்து வந்தார். நான் வழக்கமான பேரேடு என்று நினைத்தேன். திறந்தால் இடதுபக்கம் செலவு, வலதுபக்கம் காரணம்.

ஒரு பக்கம் இன்னும் நினைவிருக்கிறது. இடதுபக்கம்: விடுதி வடக்குப் பக்கக் கூரை, தகடு மாற்றியது, தொகை, தேதி. வலதுபக்கம்: “மேற்குக் காற்று இந்தப் பக்கம் அடிக்கிறது. சமவெளிக் கட்டடத்துக்குச் சொல்லும் ஆயுள் இதற்குப் பொருந்தாது. முந்தைய மாற்றம் இன்ன வருடம், பக்கம் இன்னது.” இன்னொரு வரி, டீசல். அதற்கு எதிரே, மலை ஏறும்போது லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர், இறங்கும்போது எத்தனை, சேலத்துக்குள் ஓடினால் எத்தனை. பிரேக் லைனிங் மாற்றிய தேதிகள். கம்பளி வாங்கியதற்கு எதிரே, எத்தனை பழையதைக் கழித்தார்கள், ஏன். எல்லாம் ஒரே மாதிரியான சின்ன எழுத்தில்.

“கணக்குன்னா நடந்ததை எழுதுறது மட்டும் இல்லம்மா” என்றார். “நாளைக்கு ஒருத்தர் வந்து ஏன்னு கேட்பார். அவருக்கு இன்னைக்கே பதில் எழுதி வைக்கிறது. அவர் கேட்கிற அன்னைக்கு நாம இருக்க மாட்டோம்.”

அப்புறம் அவராகவே இன்னொரு பக்கத்தைத் திருப்பினார். ஒருமுறை தணிக்கையில் அவர் காட்டிய செலவில் ஒரு பகுதியை ஏற்க மறுத்துவிட்டார்கள். என்ன கேட்டார்கள், இவர் என்ன சொன்னார், எந்த ரசீது இல்லாமல் போயிற்று, எந்த வாதம் எடுபடவில்லை, எல்லாவற்றையும் ஒளிவுமறைவில்லாமல் எழுதி வைத்திருந்தார். ஜெயித்த கதைகளை யாரும் சொல்வார்கள். தோற்ற பக்கத்தை முன்பின் தெரியாத, கீழேயிருந்து ஒரு கேள்வியோடு வந்தவள் முன்னால் விரித்து வைத்தவரை நான் அதுவரை பார்த்ததில்லை. “பஜார்ல ஜெராக்ஸ் கடை இருக்கும்மா, சாயங்காலம் கொண்டுவந்து கொடுத்தாப் போதும்” என்று நோட்டையே கையில் கொடுத்துவிட்டார். ரசீது கேட்கவில்லை. ஃபோன் நம்பர்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

அந்த நோட்டை வைத்துத்தான் எங்கள் கோப்பை மாற்றி எழுதினேன். “இதர செலவுகள்” உடைந்து பதினைந்து இருபது தலைப்புகளாகப் பிரிந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு காரணம். அந்தக் கோப்பைத்தான் பக்கத்துப் பள்ளிப் பெண் வாங்கிப்போனாள். எங்களுடையது என்று தாளாளர் நினைக்கும் அந்தக் கோப்பின் முக்கால்வாசி, ஏற்காட்டில் ஒருவர் இலவசமாகக் கொடுத்தது. அதை நான் எந்த உரிமையில் பூட்டி வைக்க முடியும்?

ஃபார்மேட் கிடைக்கிறது, புத்தி கிடைக்கவில்லை

இப்போது பகிர்வதற்குப் பஞ்சமே இல்லை. அலுவலகக்காரர்களுக்கு வாட்ஸாப் குழுக்கள் பல இருக்கின்றன. காலையில் திறந்தால் எக்செல் தாள், உறுதிமொழிப் படிவம், சுற்றறிக்கை, அதற்கு மறுசுற்றறிக்கை. இது பெரிய உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். எல்லோரும் ஃபார்மேட்டைத்தான் கேட்கிறார்கள். “அக்கா, ஃபார்மேட் இருந்தா போடுங்க.” போட்டால் கும்பிடு வரும், அவ்வளவுதான். எந்தக் கட்டத்தில் எதை எழுத வேண்டும், ஏன், தப்பாக எழுதினால் என்ன ஆகும் என்று கேள்வி வராது. நாமக்கல்லில் ஒரு பள்ளி அனுப்பிய உறுதிமொழியில் திருச்சிப் பள்ளி ஒன்றின் பெயர் நடுவில் அப்படியே இருந்த கதையை எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, நம்பும்படியாகத்தான் இருக்கிறது.

எமிஸ் (EMIS) என்ற அரசு மாணவர் பதிவுத் தளத்தின் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பையன் வேறு பள்ளிக்குப் போனால் பழைய பள்ளி அவனைக் காமன் பூல் என்ற பொதுப் பட்டியலில் விட வேண்டும், புதிய பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய பள்ளி விடாவிட்டால் பையன் வகுப்பில் உட்கார்ந்திருப்பான், கணக்கில் இருக்கமாட்டான். ஃபீஸ் பாக்கிக்காகச் சில இடங்களில் விடாமல் பிடித்து வைப்பார்கள். பாக்கி வசூலிக்க டிசியை ஆயுதமாக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஆனாலும் நடைமுறையில் காரியத்தை முடிப்பது ஒரு ஃபோன்தான். “ஏங்க, அந்த ஏழாங்கிளாஸ் பையனைக் கொஞ்சம் விட்டுடுங்களேன், அவங்க அப்பா தறிப்பட்டறைல வேலை, பாக்கியைத் தவணையா கட்டறேன்னு எழுதிக் கொடுத்திருக்காரு.” அடுத்த நிமிடம் பையன் பூலுக்கு வந்துவிடுவான். எதிர்முனையில் இருப்பவரை எனக்குத் தெரியும் என்பதால்தான் இது நடக்கிறது. எந்த இணையதளத்திலும் இதற்குப் பொத்தான் கிடையாது.

இதனால்தான் சிலர் சேர்ந்து நேரில் கூடத் தொடங்கினோம். சங்கம் இல்லை, பதிவு இல்லை, தலைவர் இல்லை. சனிக்கிழமை மத்தியானம், யாராவது ஒருவர் பள்ளியில், தட்டுவடை செட்டும் டீயும். வருபவர்களில் பாதிப்பேர் இருபத்தைந்து வயதுப் பெண்கள். பி.காம். கம்ப்யூட்டர் அப்ளிகேஷன் படித்தவர்கள், சர்வர் படுத்தும் பாட்டில் ராத்திரி பதினோரு மணிக்கு வீட்டிலிருந்து பதிவேற்றுபவர்கள், அதற்கு ஏற்ற சம்பளம் வாங்காதவர்கள். அவர்களுக்கு எந்தத் தளமும் கையில் விளையாடும். என் வயதுக்காரர்களுக்கு யூடைஸ் என்ற பள்ளித் தகவல் தளத்தின் பக்கம் திறந்தாலே கை நடுங்கும், ஆனால் அந்தக் கட்டத்தில் கேட்கும் தகவல் எந்தப் பதிவேட்டின் எந்தப் பக்கத்தில் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வோம். ஒருநாள் ஒரு பெண் கேட்டாள், “அக்கா, கட்டட உரிமத்துக்கும் உறுதிச் சான்றுக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டும் பில்டிங்தானே?” சொன்னோம். பொறியாளர் சொல்வது இது தாங்கும் என்பது, வட்டாட்சியர் சொல்வது இதில் கூட்டம் கூடலாம் என்பது. பதிலுக்கு அவள், என் ஃபோனிலேயே எல்லாச் சான்றுக்கும் மூன்று மாதம் முன்னால் மணியடிக்கும்படி நாள்காட்டி போட்டுக் கொடுத்தாள். ஹெட்கிளார்க் சாரின் டிராயர் இப்போது என் ஃபோனில் அலாரமாக இருக்கிறது.

என் தம்பி மருமகள் இங்கிலாந்தில் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறாள். ஸ்கூல் பிசினஸ் மேனேஜர் என்று பதவி. பாடம் எடுப்பதில்லை, ஆனால் பள்ளியின் தலைமைக் கூட்டத்தில் அவளுக்கு நாற்காலி உண்டு. 1988-இல் அங்கே கல்விச் சீர்திருத்தச் சட்டம் வந்து, பள்ளிகளின் பட்ஜெட்டை அந்தந்தப் பள்ளியின் கையிலேயே கொடுத்த பிறகு இந்தத் தொழில் வளர்ந்ததாம். இவர்களுக்கென்று ஒரு தேசிய அமைப்பு இருக்கிறது, தகுதிப் படிப்பு இருக்கிறது. 2017-இல் அந்த அமைப்பு மேலாளர் என்ற சொல்லை விட்டுவிட்டுத் தலைமை என்ற சொல்லைத் தன் பெயரிலேயே சேர்த்துக்கொண்டது. பொறாமைப்பட்டேன் என்று சொல்வதில் வெட்கமில்லை. ஆனால் அவளுக்குக் கட்டட உரிமத்துக்காகத் தாலுகா ஆபீஸ் பெஞ்சில் உட்காரும் வேலை இருக்குமா என்று கேட்டேன், சிரித்துவிட்டாள்.

யாரும் பேசாத பக்கம்

இவ்வளவு பேசும் எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தில் பேசாத ஒரு விஷயம் உண்டு. சம்பளம். பாக்கி எல்லாக் கோப்பையும் விரித்து வைப்போம், சம்பளம் வாங்கிக் கையெழுத்துப் போடும் அக்யூட்டன்ஸ் பதிவேட்டைத் திறக்கமாட்டோம். காரணம் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லமாட்டோம். தாளில் ஒரு தொகை, கையில் ஒரு தொகை என்று சில இடங்களில் நடக்கிறது. கட்டணக் குழுவுக்கு அதிகச் செலவு காட்ட அது உதவுகிறது. எங்கள் பகிர்தல் நல்லது என்று இத்தனை நேரம் வாதாடிய எனக்கு, இந்த இடத்தில் கொஞ்சம் சங்கடம். கோப்பை நன்றாக எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன். நன்றாக எழுதிய கோப்பு உண்மையான கோப்பாகவும் இருக்க வேண்டும் என்று யாரையும் வற்புறுத்த என்னால் முடிவதில்லை. மலையில் பார்த்த நோட்டின் வலதுபக்கத்தில் காரணம் இருந்தது. இங்கே சிலர் இடதுபக்கத்தையே கற்பனை செய்கிறார்கள்.

ஆனால் அந்தப் பொய் இப்போது திரும்பி வந்துகொண்டிருக்கிறது, வேலையை விட்டுப் போகும்போது கொடுக்க வேண்டிய பணிக்கொடை (கிராஜுவிட்டி) என்ற பெயரில். தனியார் பள்ளி ஆசிரியர்கள் பணிக்கொடைச் சட்டத்தில் வரமாட்டார்கள் என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2009-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதலே செல்லும் என்றது. பள்ளிகள் வழக்குப் போட்டன. 2022 ஆகஸ்டில் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பு வந்துவிட்டது. கணக்கு எளிது. கடைசியாக வாங்கிய மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்க வேண்டும். தாளில் 26,000 இருந்தால் வருடத்துக்கு 15,000. இருபது வருடம் வேலை செய்த டீச்சருக்கு மூன்று லட்சம். அந்த டீச்சர் கையில் நிஜமாக வாங்கியது 14,000-ஆக இருந்தாலும், பள்ளி தன் கையெழுத்தோடு எழுதி வைத்திருப்பது 26,000. அதை எப்படி இல்லை என்று சொல்வார்கள்? குழுவிடம் காட்டிய தாளையே டீச்சர் எடுத்து நீட்டினால் என்ன செய்வார்கள்?

போன மாதம் இதை எங்கள் வாட்ஸாப் குழுவில் ஒருவர் கேட்டார். ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் கடிதம் கொடுத்திருக்கிறார், என்ன செய்வது என்று. எல்லோரும் பார்த்ததற்கு நீல டிக் விழுந்தது. பதில் ஒன்றுகூட வரவில்லை. சாயங்காலம் அவரைத் தனியாக ஃபோனில் கூப்பிட்டேன். முதலில் டீச்சர் சேர்ந்த தேதியைப் பார்க்கச் சொன்னேன். நியமன உத்தரவு இல்லாவிட்டால் பழைய வருகைப் பதிவேட்டைத் தேடச் சொன்னேன். சம்பளப் பதிவேடு எந்தெந்த வருடத்துக்கு இருக்கிறது, எதற்கு இல்லை என்று ஒரு தாளில் எழுதச் சொன்னேன். யாராவது அதைத் திருத்தச் சொன்னால் மாட்டேன் என்று சொல்லும்படியும் சொன்னேன். பிறகு ஒரு நோட்டு வாங்கி, இடதுபக்கம் தொகையையும் வலதுபக்கம் அது எங்கிருந்து வந்தது என்பதையும் எழுதத் தொடங்குங்கள் என்றேன். “இதெல்லாம் குரூப்ல போடலாமாக்கா?” என்றார். போடுங்கள், என் பெயரோடேயே போடுங்கள் என்றேன். இன்னும் போடவில்லை.